சும்மா உட்கார ஓர் இடம்

'தள்ளு' என்று எழுதியிருந்த கண்ணாடிக் கதவை மச்சான் குப்புராஜ் வெளியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நொடிக்குள் சந்திரமோகன் எழுந்து ஓடியிருக்கலாம்தான். ஆனால் 'மேகம் கஃபே'வுக்கு ஒரே கதவு. அதில்தான் மச்சான் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. ஏ.சி. காற்று முகத்தில் பட்டதும் குப்புராஜ் கண்ணை மூடி ஒரு கணம் சொக்கி நின்றார். கண்ணைத் திறந்தால் எதிரே தங்கச்சி புருஷன்.

"இன்னா மாப்ள, இங்க இன்னா பண்ற?"

மணி இரண்டே முக்கால். வீட்டில் சொல்லியிருப்பதன்படி சந்திரமோகன் இந்நேரம் சிப்காட் கேட்டில், டிரைலர் லாரிகளுக்கு நடுவே, கம்பெனி பஸ்ஸில் மாட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாலு மாதமாகத் தினமும் அந்த டிராஃபிக் ஜாமைத்தான் மனைவியிடம் சொல்லிவருகிறார். உண்மையில் அந்த நேரத்தில் கேட்டில் நாய் படுத்துத் தூங்கும்.

சந்திரமோகன் இரும்பு உருக்கும் கம்பெனியில் கிரேன் ஆபரேட்டர். காலை ஆறு மணிக்கு நாற்பதடி உயரக் கூண்டில் ஏறினால், கீழே செக்கச்செவேலென்று கம்பிகள் பாயும், சங்கு ஊதும், இரும்போடு இரும்பு மோதும். இரண்டு மணிக்கு இறங்கினால் காதுக்குள் இன்னொரு கம்பெனி ஓடும். வீட்டுக்குப் போனாலோ கீழ்வீட்டில் மாவு மிஷின், மேல்வீட்டில் மனைவியின் தையல் மிஷின், நடுவில் டி.வி.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது கண்டுபிடித்ததுதான் இந்த ஜன்னலோர நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜி.என்.டி. ரோடு. நாற்பது டன் டிரைலர்கள் ஒரு சத்தமும் இல்லாமல் மீன்களைப் போல நழுவிப்போயின. உலகத்தின் வாயை யாரோ மெல்லப் பொத்திவிட்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தினமும் ஒரு கோல்டு காபி, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் சந்திரமோகன் எதையுமே யோசிக்கமாட்டார். எப்போதாவது, மேகத்துக்கு முதுகு வலிக்குமா என்று யோசிப்பார். அவ்வளவுதான்.

கண்ணாடி இரண்டு பக்கமும் தெரியும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் பட்டா நகல் எடுக்க வந்த மச்சான் பார்த்துவிட்டார்.

"கேக்குறேன்ல? ஊட்ல சண்டையா?"

"இல்ல மச்சான்."

"வேல போச்சா?"

"ஐயோ, இல்ல."

குப்புராஜின் குரல் இறங்கியது. "டாக்டரு எதுனா சொன்னாரா?"

அவர் மேல் குற்றம் இல்லை. இந்த ஊரில் ஓர் ஆம்பளை டீக்கடையில் நின்றுகொண்டு குடிக்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். பேங்க்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு அரை நாள்கூட உட்காரலாம். பட்டப்பகலில், தனியாக, சாய்ந்துகொண்டு, சும்மா உட்காரக்கூடாது. அப்படி உட்கார்ந்தால் மச்சான் கேட்ட மூன்றில் ஒன்று என்றுதான் அர்த்தம்.

'சும்மா உட்கார்ந்திருக்கிறேன்' என்று சொல்லத்தான் சந்திரமோகன் வாயைத் திறந்தார். அதைவிட, நெஞ்சுவலி என்று சொன்னால் மச்சான் சுலபமாக நம்புவார் என்று தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தார். கூரையிலிருந்து பஞ்சு மேகங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"கடை ஒண்ணு போடலாம்னு, மச்சான். இதுமாதிரி. அதான்... எப்டி நடத்துறாங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

குப்புராஜ் எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட நைனா!" என்றார்.

கல்லாவில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் அந்தச் சத்தத்தில் ஒருமுறை புரண்டார். காபி மிஷினுக்குப் பின்னால் நின்ற சின்னப்பொண்ணு மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பெயர்தான் சின்னப்பொண்ணு, வயசு அம்பது. முன்பு கம்பெனி கேன்டீனில் சாம்பார் வாளி தூக்கியவர். இப்போது தலையில் தொப்பி, தொப்பிக்குக் கீழே கனகாம்பரம், காபி நுரையில் இதயம் வரைகிறார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, கப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. தையல் மிஷின் நின்றிருந்தது. அது நிற்பது அந்த வீட்டில் அபூர்வம்.

"அண்ணன் போன் பண்ணிச்சு" என்றார் திலகவதி. "அப்ப கேட்ல டிராஃபிக்குன்னு சொன்னதெல்லாம்?"

"கடை பாக்கப் போனதுதான்."

திட்டு வரும் என்று சந்திரமோகன் தலையைக் குனிந்துகொண்டார். திட்டினால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

"பத்தொம்பது வருசம்" என்றார் திலகவதி. "பொறந்த நாளு, தீபாவளி, எப்ப கேட்டாலும் ஒண்ணியும் வேணாம் ஒண்ணியும் வேணாம்னு சொன்ன மனுசன். உங்களுக்கும் ஒரு ஆச கீதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"திலகா, அது வந்து..."

"அந்த டிராஃபிக் தீரணும்னு முக்குப் பிள்ளையாருக்குப் பதினோரு தேங்கா வேண்டிக்கினு இருந்தேங்க."

"இப்ப?"

"கடைக்கு மாத்திட்டேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சந்திரமோகனால் முடியவில்லை. மனைவியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அதை ஊதி அணைக்க மனசு வரவில்லை.

ஆனால் மனசுக்குள் சின்ன சந்தோஷமும் இருந்தது. இனிமேல் பொய் சொல்லாமலே கஃபேவுக்குப் போகலாமே.

"உடனே தொறக்க முடியாது திலகா. ஊர்ல கீற எல்லா கஃபேவையும் பாக்கணும். டெய்லி ஒரு மணி நேரம். ஆறு மாசம்கூட ஆவும்."

"பாருங்க, நல்லா பாருங்க. அண்ணனயும் கூட்டிக்கினு போங்க. தனியா அலையாதீங்க."

மறுநாள் இரண்டு மணிக்கு சிப்காட் கேட்டில் குப்புராஜ் பைக்கோடு நின்றார். சட்டைப் பையில் இஞ்ச் டேப் எட்டிப்பார்த்தது.

ஒரு வருஷத்துக்கு முன்பு கும்மிடிப்பூண்டியில் கஃபே என்று ஒன்றுகூட இல்லை. இப்போது ஏழு. எந்தக் கடையிலும் கூட்டம் இல்லை, எந்தக் கடையும் மூடவும் இல்லை. மழைக்குப் பிறகு காளான் முளைப்பதுபோல மேலும் மேலும் முளைத்துக்கொண்டிருந்தன. ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

முதலில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் 'கப் அண்ட் கும்மி'. உள்ளே லேசான இருட்டு, மஞ்சள் விளக்கு, எங்கிருந்தோ கிடார். சந்திரமோகன் ஒரு மூலையைப் பார்த்து ஏங்குவதற்குள் மச்சான் டேபிளை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டேகால் அடி, மாப்ள. எழுதிக்க. இந்தா தம்பி, ஓனரு கீறாரா?"

"வெளிய போய்க்கிறாரு சார்."

கல்லாவில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர், வருகிறவர் போகிறவரையெல்லாம் போலீஸ்காரர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மூலை நாற்காலியில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் தனியாக, ஆறிப்போன காபியோடு, ஃபேனைப் பார்த்தபடி இருந்தார். ஒல்லியான ஆள். முகத்தில் அப்படியொரு அமைதி. அது தன்னுடைய முகம், தன் நாலு மாதத்து முகம் என்று சந்திரமோகனுக்குத் தோன்றியது. பொறாமையாக இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் அந்த ஆள் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்த ஷிஃப்ட்டு?"

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு."

"கூட வந்துக்கிறது?"

"மச்சான்."

அவர் இஞ்ச் டேப்பை எட்டிப் பார்த்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "எனக்கு மாமனாரு" என்று சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

சந்திரமோகனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த நாள், செல்போன் கடை மாடியில் 'பூண்டி ப்ரூ'. அங்கே நாற்காலிக்குப் பதில் மூட்டை மாதிரி மெத்தைகள். குப்புராஜ் ஒன்றில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

"மாப்ள, கைய குடு."

சந்திரமோகன் இழுத்தார். பரிமாறுகிறவர் ஒரு கையைப் பிடித்தார். மூட்டை அவரை விடவில்லை. அப்படியே படுத்த மேனிக்குக் குப்புராஜ் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணில் கனவு படர்ந்தது.

"நல்லாத்தான் கீது மாப்ள. நெல்லு அறுத்து முடிச்சப்புறம் இதுமாதிரி ஒரு மூட்டைல படுத்து நாப்பது வருசமாச்சு. நம்ம கடைக்குப் பத்து வாங்கிப் போடுவோம். ஓனரு எங்கப்பா, வெல கேக்கலாம்?"

"வெளிய போய்க்கிறாரு சார்" என்றார் பரிமாறுகிறவர்.

"இன்னாப்பா இது, இந்த ஊர்ல எந்த ஓனரும் கடையில ஒக்கார மாட்டாங்களா? நம்ம கடையில அப்டி கெடையாது. நான் கல்லாவுல ஒக்காந்தேன்னா காலைல இருந்து ராத்திரி வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

எழுந்திருக்க மாட்டார் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருந்தது.

இந்தக் கதையை உடனே முடிக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தார். முடியாது என்று சொன்னால் மனைவி முகம் வாடும். தானாக முடியாமல் போனால்? யாருக்கும் நோகாது.

"மச்சான், எனக்கு எடந்தான் கவல. வடக்குப் பாத்த வாசல் வேணும். ரெண்டு பக்கமும் ரோடு வேணும், கண்ணாடி போடணும் பாருங்க. முன்னால வேப்பமரம் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும். அந்த மாதிரி எடம் நம்மூர்ல எங்க கெடைக்கும்? விட்டுருவோம்."

குப்புராஜ் பைக்கை ஓரம் கட்டினார். இறங்கி வந்து மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என் உரக்கடைய மனசுல வச்சிக்கினுதான கேக்குற? வாய் விட்டுக் கேக்கக் கூச்சம், இன்னா?"

சந்திரமோகனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குப்புராஜின் உரக்கடை முக்கில் இருக்கிறது. வடக்குப் பார்த்த வாசல். முன்னால் வேப்பமரம்.

"யூரியா மூட்டையெல்லாம் ஊருக்கு ஏத்திடறேன் மாப்ள. வாசன ஒரு வாரத்துல போயிடும். இல்லன்னா காபி வாசன தூக்கிடும்."

ஞாயிற்றுக்கிழமை மூட்டைகள் கிளம்பின. திங்கட்கிழமை கண்ணாடிக்காரர் அளவெடுத்தார். செவ்வாய்க்கிழமை ஜோசியர் நாள் குறித்தார், வெள்ளிக்கிழமை பூஜை. திலகவதி தைக்க வந்த ஜாக்கெட்டுகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஏப்ரன் தைக்கத் தொடங்கினார். ஆகாச நீலத் துணி. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் வெள்ளை நூலில் 'சந்திரா கஃபே'.

"பேரு நல்லாருக்கா? நெலாவுன்னும் அர்த்தம், உங்க பேரும் வந்துடுது" என்றார் வெட்கத்தோடு.

நல்லாயிருக்கிறது என்றார் சந்திரமோகன். உண்மையிலேயே நல்லாத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

கடைசியாக ஓர் ஆயுதம் மிச்சமிருந்தது. புதன்கிழமை சாப்பிடும்போது அதை எடுத்தார்.

"கம்பெனில விடமாட்டாங்க போலக்கீது, மச்சான். கிரேனுக்கு என்ன விட்டா ஆளு இல்ல. ஷிஃப்ட்டு இன்சார்ஜ் தாவீது சாரு ஒத்துக்கவே மாட்டாரு. இன்னும் பதிமூணு வருசம் சர்வீஸ் கீது."

"அவ்ளோதான? நான் பேசறேன்."

குப்புராஜ் பேசினார். வியாழக்கிழமை காலை சந்திரமோகன் கிரேன் ஏணியில் கால் வைத்தபோது மேலே கூண்டில் ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

"என் சகலைதான்" என்றார் தாவீது. "வேல தேடிக்கினு ஆறு மாசமா ஊட்ல கீறான். நீ போறது எனக்கு வருத்தந்தான், ஆனா கடவுள் ஒரு கதவ சாத்துனா இன்னொண்ணத் தொறக்குறாரு, இன்னா? இன்னிக்கு இவனுக்குக் கத்துக்குடு. நாளைக்கு லெட்டர் குடுத்துடு."

"சார், நான் இன்னும் முடிவு பண்ணல..."

"உன் மச்சான் பண்ணிட்டாரே" என்ற தாவீது அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எனக்கும் ஒரு ஆச சந்திரமோகன். என்னிக்காவது உன் கடையில வந்து, மூலையா ஒரு சேர்ல..." சொல்லிக்கொண்டே வந்தவர் ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்று சந்திரமோகன் நாற்பதடி உயரத்திலிருந்து கீழே பார்த்தார். பதினெட்டு வருஷமாகச் சத்தம் சத்தம் என்று நொந்துகொண்ட இடம். இப்போது அதுவும் போகப்போகிறது. நாளையிலிருந்து காலை முதல் ராத்திரி வரை கஃபே. மச்சான் கல்லாவில். அந்த ஒரு மணி நேரத்துக்காகச் சொன்ன ஒரு பொய், மிச்சமிருந்த இருபத்துமூன்று மணி நேரத்தையும் தின்றுவிட்டது. அழுகை வந்தது. புது ஆள் பக்கத்தில் இருந்ததால் ஹாரனை அடித்துச் சமாளித்தார்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தபோது குப்புராஜ் இல்லை. பூஜைக்கு வாழைமரம் வாங்கப் போயிருந்தார். சந்திரமோகனின் கால்கள் தாமாக 'மேகம் கஃபே'வுக்கு நடந்தன.

எல்லாம் அப்படியே இருந்தன. கூரையில் பஞ்சு மேகம். கல்லாவில் பேப்பருக்குக் கீழே பெரியவரின் குறட்டை. ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு டிரைலர் இரும்புச் சுருள்களைச் சுமந்துகொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், கனவுக்குள் போகிற மாதிரி போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. வெயில் சுருள்களில் பட்டு, கடைச் சுவரில் வெளிச்சம் நீர்போல ஓடியது. அவருக்குக் கண் நிறைந்தது.

சின்னப்பொண்ணு கேட்காமலே கோல்டு காபியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னா நைனா, மொகம் செத்துக் கீது? நாளைக்குக் கடை தொறக்குற ஆளு."

சந்திரமோகனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"எனக்குக் கடையும் வேணாம், ஒண்ணியும் வேணாம்மா. நான் இங்க சும்மா ஒக்கார வந்தேன். டெய்லி ஒரு மணி நேரம், யாரும் பேசாம. அவ்ளோதான். மச்சான் பாத்துட்டாருன்னு வாய்ல வந்தத சொன்னேன். அதப் புடிச்சிக்கினு, மூட்டைய காலி பண்ணி, ஏப்ரன் தெச்சி, என் கிரேன்ல வேற ஆள ஏத்தி..."

சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது. ஆனால் நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. நாலு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. பஞ்சு மேகம்கூட அசையவில்லை.

"முடிவு பண்ணிட்டேன்" என்று எழுந்தார். "இப்பவே ஊட்டுக்குப் போறேன். திலகாகிட்ட உண்மைய சொல்லிடறேன். அழுவா. அழுவட்டும். நானும் கூட ஒக்காந்து அழுவறேன்."

காபியைக்கூடக் குடிக்காமல் அவர் கதவுக்கு நடந்தார். சின்னப்பொண்ணு தொப்பி சரிய ஓடிவந்து குறுக்கே நின்றார். கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் தூங்குகிறார் என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வேணாம் நைனா, புண்ணியமாப் போவும், உண்மைய மட்டும் சொல்லிடாத!"

"ஏன்?"

"அதோ தூங்குறாரே மாமனாரு, உன்ன மாதிரி எங்கியோ சும்மா ஒக்காந்துக்கினு இருந்தப்ப அவரு கையில மாட்டிக்கினுதான் எங்க ஓனரு, கட்டம் போட்ட சட்ட ராபின், இந்தக் கடையத் தொறந்தாரு; மாடிக் கடைக்காரரு மாட்டுனது சித்தப்பா கையில; இந்த ஊர்ல கீற ஏழு கடையும் இப்டித் தொறந்ததுதான் நைனா. இப்ப சொந்தக் கடையிலயும் ஒக்கார முடியாம, மத்த கடையிலயும் மொகம் தெரிஞ்சிபோயி, உன் கடை எப்பத் தொறக்கும், மூலையில சேர் கீதான்னு ஏழு ஓனருங்களும் டெய்லி எனக்குப் போன் மேல போன் போட்டுக்கினு கீறாங்க!"